பண்ணைப்புரத்துப் பாட்டுக்காரர்

தேனியிலிருந்து கம்பம் போகும் சாலையில் பிரயாணம் செய்கிறவர்களுக்கு ஜன்னலோரத்து இடம் கிடைத்துவிட்டால், அதைவிடப் பெரிய பாக்கியம் வேண்டியதில்லை. வீரபாண்டியில் முல்லையாற்றைத் தரிசித்துவிட்டுப் புறப்பட்டால், மேற்கே ஏலமலையும் கிழக்கே மேகமலையும் இரண்டு காவற்காரர்களைப் போல நம்முடன் கூடவே வருகின்றன. நடுவே நெல் வயலும் தென்னந்தோப்பும் வாழையும் திராட்சைப் பந்தலும் மாறி மாறிக் கண்ணுக்கு விருந்தளிக்கின்றன. மேற்கே ஓடிக் கடலில் கலந்துகொண்டிருந்த பெரியாற்று நீரை, 1895-ஆம் ஆண்டில் முடிந்த அணையும் மலையைக் குடைந்த சுரங்கமும் கிழக்கே திருப்பிவிட்டதன் பயன் இது.

ஆனால் இந்தத் தடவை நாம் போனது பசுமையைப் பார்ப்பதற்காக அல்ல. ஒரு பாட்டுக்காரரைத் தேடிக்கொண்டு போனோம். உத்தமபாளையத்தில் இறங்கி, கோம்பை வழியாகத் தேவாரம் செல்லும் பேருந்தில் ஏறினோம். வழியில், மலையடிவாரத்தில் இருக்கிறது பண்ணைப்புரம். இந்த ஊரின் பெயரைச் சொன்னால் தமிழ் நாட்டில் சிறு குழந்தையும் இளையராஜாவின் பெயரைச் சொல்லும். நாம் தேடிச் சென்றதோ அவருடைய தமையனார் பாவலர் வரதராஜனை. அவர் காலமாகி அநேக வருஷங்கள் ஆகிவிட்டனவே, காலமானவரைத் தேடுவது எப்படி என்று நேயர்கள் கேட்கலாம். பாடகரை அவர் பாடிய தெருவில்தானே தேட வேண்டும்?

பாவலருக்குச் சபாவும் இல்லை, டிக்கட்டும் இல்லை. ஒரு ஹார்மோனியம், கூடப் பாடத் தம்பிமார், எதிரே வேலை முடிந்து வந்து தரையில் உட்கார்ந்திருக்கும் ஜனங்கள் - இவ்வளவுதான் அவருடைய கச்சேரி. பொதுவுடைமைக் கட்சியின் மேடைகளில் அவர் பாடினார். ஜனங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த சினிமா மெட்டை எடுத்துக்கொண்டு, அதில் தம்முடைய புது வார்த்தைகளை வைத்துப் பாடுவதில் அவர் சமர்த்தர். மெட்டு காதுக்குப் பழக்கமானது. விஷயமோ நெஞ்சைத் தைப்பது. பிறகு கேட்பவர்கள் சும்மா இருப்பார்களா?

பண்ணைப்புரத்து மேற்கு மலைக்கு அப்பால் இருக்கிறது தேவிகுளம். 1956-இல் ராஜ்யங்கள் மொழிவாரியாகப் பிரிக்கப்பட்டபோது அது கேரளத்தோடு சேர்ந்தது. தேயிலைத் தோட்டங்களில் உழைத்தவர்களோ பெரும்பாலும் தமிழர்கள். 1957-இல் அங்கே ஜயித்த ரோசம்மா புன்னூஸின் தேர்தல் செல்லாது என்று தீர்ப்பாகி, 1958-இல் இடைத்தேர்தல் வந்தது. ஈ. எம். எஸ். நம்பூதிரிபாடின் மந்திரி சபைக்கே அது ஒரு சோதனை. அந்தச் சமயத்தில் பாவலர் மலையேறினார். காங்கிரஸின் சின்னமான இரட்டைக் காளையைப் பரிகாசம் செய்து அவர் பாடிய பாட்டு, தோட்டத்து லயங்களில் எல்லாம் பரவியதாகச் சொல்வார்கள். ரோசம்மா மறுபடியும் ஜயித்தார். கட்சி எதுவாயினும் இருக்கட்டும். பகலெல்லாம் கொழுந்து பறித்து அலுத்த பெண்களுக்கு, தங்கள் துயரத்தைத் தங்கள் மொழியில் ஒருவர் பாடக் கேட்பது எத்தகைய ஆறுதலாக இருந்திருக்கும்!

அந்தக் குழுவில் 14 வயதில் சேர்ந்த இளையராஜா, ஏறக்குறையப் பத்து வருஷம் தமையனாரோடு ஊர் ஊராகச் சுற்றினார். 1976-இல் ‘அன்னக்கிளி’ வெளிவந்தது; அப்புறம் நடந்தது உலகமறிந்த கதை. 1981-இல் வந்த ‘அலைகள் ஓய்வதில்லை’ படத்தைத் தயாரித்த கம்பெனிக்குத் தம்பிமார் ‘பாவலர் கிரியேஷன்ஸ்’ என்று தமையனாரின் பெயரையே சூட்டினார்கள். பெயர் திரையில் நிலைத்தது. பாட்டு நிலைத்ததா?

அதே 1976-இல் லண்டன் மாநகரத்தில் ‘பங்க் ராக்’ என்னும் ஒரு வகைச் சங்கீதம் பிரபலமாகத் தொடங்கிற்று. மிகுந்த வித்வத் வேண்டாம், மனத்தில் பட்டதை உரக்கச் சொல்லும் துணிவு போதும் என்பது அதன் கொள்கை. அதில் பேர்பெற்ற ஜோ ஸ்ட்ரம்மர், வேலை நிறுத்தம் செய்த தீயணைப்புத் தொழிலாளருக்கு ஆதரவாக 2002 நவம்பரில் கச்சேரி செய்தார். அடுத்த மாதமே காலமானார். 2003 பிப்ரவரியில், கிராமி விருது மேடையில், புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் முதலிய பெரிய பாடகர்கள் கூடி நின்று அவருடைய பாட்டையே பாடி அஞ்சலி செலுத்தினார்கள். பாடகருக்கு அதைவிடச் சிறந்த மாலை ஏது?

இந்த எண்ணத்தோடேயே கம்பத்தையும் கூடலூரையும் கடந்து லோயர் கேம்ப் சேர்ந்தோம். அணை கட்டிய பென்னிகுயிக்குக்கு 2013-இல் திறந்த மணிமண்டபம் இங்கேதான் இருக்கிறது. அவர் பிறந்த ஜனவரி 15-ஆம் தேதியன்று இப்பக்கத்துக் குடியானவர்கள் பொங்கலிட்டு அவரை நினைக்கிறார்கள். செய்ந்நன்றி மறவாத சீமை இது! இதே லோயர் கேம்பில்தான் இளையராஜாவின் தாயார் சின்னத்தாயின் நினைவிடமும் இருக்கிறது. 2024 ஜனவரி 25-ஆம் தேதி காலமான அவருடைய புதல்வி பவதாரிணியையும் இங்கேயே அடக்கம் செய்தார்கள். ‘பாரதி’ படத்தில் தேசிய விருது பெற்றுத் தந்த அவருடைய பாட்டையே பாடி, சுற்றத்தார் அவரை வழியனுப்பினார்கள்.

போனவரை எப்படிப் போற்றுவது என்று இந்தப் பள்ளத்தாக்குக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆகையால் நமது விண்ணப்பம் சிறியதுதான். வருஷத்துக்கு ஒரு நாள், பண்ணைப்புரத்துத் தெருவில், டிக்கட் இல்லாமல், ஒரு ஹார்மோனியத்தை வைத்துக்கொண்டு பாவலரின் பாட்டுக்களைப் பாட வேண்டும். 1958-இல் இருபது வயதில் அவற்றைக் கேட்டவர்கள் இன்று தொண்ணூறை எட்டிக்கொண்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஆளுக்கொரு நோட்டுப் புத்தகத்தோடு அந்தத் தாத்தா பாட்டிமாரின் திண்ணைக்குப் போய், ஞாபகத்தில் இருக்கும் அடிகளை மெட்டோடு எழுதி வாங்கிவரட்டும். காரியத்தை அடுத்த கோடை விடுமுறைக்கு ஒத்திப்போட வேண்டாம். திண்ணைகள் ஒவ்வொன்றாகக் காலியாகிக்கொண்டு வருகின்றன.