மின் பொறியியல் நம் பிள்ளைக்கு ஏற்றதா?



ஏப்ரல், மே மாதங்களில் பெங்களூருவிலுள்ள எங்கள் வீட்டுக்கு இரண்டு வகைத் தாள்கள் வந்து சேரும். ஒன்று திருமண அழைப்பிதழ். மற்றொன்று பி.யு.சி. மதிப்பெண் பட்டியல். இரண்டாவதைக் கொண்டுவருகிறவர்கள் நாற்காலியின் நுனியில் அமர்ந்து, "ஐயா, பிள்ளைக்கு எலக்ட்ரிக்கல் எடுக்கலாமா? ஜெபித்துச் சொல்லுங்கள்" என்பார்கள். நான் ஜெபிப்பேன், ஆனால் எதை எடுப்பது என்று சொல்வதில்லை. நான்கு ஆண்டுகள் படிக்கப்போவதும், அதன்பின் முப்பது ஆண்டுகளுக்குமேல் உழைக்கப்போவதும் அந்தப் பிள்ளை. விசாரித்து அறியக்கூடிய காரியத்தை விசாரிக்காமல் ஜெபத்தின்மேல் சுமத்துவது பக்தி ஆகாது. கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் செலவைக் கணக்கிடுவதைப்பற்றி லூக்கா சுவிசேஷத்தில் ஓர் உவமை உண்டல்லவா?

சில ஆண்டுகளுக்கு முன், ஒரே வாரத்தில் எங்கள் சபையின் இரண்டு குடும்பங்கள் இதே கேள்வியோடு வந்தன. முதல் குடும்பத்தின் தகப்பனார் வேலூர்ப் பக்கத்திலிருந்து பத்தொன்பது வயதில் இங்கே வந்தவர். வயரிங் ஒப்பந்த வேலை செய்கிறவர். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் காவலாளி அவரைப் பின்பக்க லிஃப்டில்தான் அனுப்புவார். தம் மகன் எலக்ட்ரிக்கல் இன்ஜினியராகி முன்வாசல் வழியாக நுழையவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் வாஞ்சை. மகனுக்கோ கணிதத்தில் 52 மதிப்பெண். மனமும் அதில் இல்லை. இரண்டாவது வந்தவர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு தாய். அவருடைய மகள் கணிதத்தில் 94 வாங்கியவள்; ஆலயத்தின் ஆம்பிளிஃபயர் பழுதானபோது அதைத் திறந்து சரிசெய்தவள். அவளுக்கு எலக்ட்ரிக்கல்மேல் விருப்பம். தாய்மாமனோ, "பெண்பிள்ளை கரண்ட் கம்பத்தில் ஏறுவதா? கம்ப்யூட்டர் எடுக்கச் சொல்" என்று தடுத்தார்.

வயர்மேன் வேலையின் அடுத்த படிதான் இன்ஜினியர் வேலை என்று இரண்டு வீட்டாரும் எண்ணியிருந்தார்கள். இரண்டும் ஒரே மின்சாரத்தைக் கையாண்டாலும் வேலையின் தன்மை வேறு. வயர்மேன் கம்பியை இழுத்து இணைக்கிறார். அந்தக் கம்பி எவ்வளவு தடிமனாக இருக்கவேண்டும், டிரான்ஸ்பார்மர் எவ்வளவு பளு தாங்கும், பழுது நேர்ந்தால் எந்த பிரேக்கர் ஒரு நொடியின் சிறு பங்குக்குள் திறக்கவேண்டும் என்பதைக் கணக்கிடுகிறவர் பொறியாளர். முன்னதற்குக் கைப்பழக்கம் பிரதானம்; பின்னதற்குக் கணக்கு பிரதானம்.

அந்தக் கணக்கின் பொறுப்பு சிறியதன்று. மின்கட்டமைப்பில் உற்பத்தியும் உபயோகமும் ஒவ்வொரு கணமும் ஈடாக இருக்கவேண்டும். 2012 ஜூலை 31 அன்று அந்தச் சமநிலை குலைந்தபோது வட, கிழக்கு, வடகிழக்கு மாநிலங்களில் சுமார் 60 கோடி மக்கள் இருளில் மூழ்கினார்கள். 2020 ஏப்ரல் 5 அன்று இரவு ஒன்பது மணிக்கு நாடெங்கும் ஒன்பது நிமிடங்கள் விளக்குகளை அணைத்தோம். மின்தேவை சுமார் 31,000 மெகாவாட் சரிந்து, மீண்டும் ஏறியது. அன்று எங்கும் இருள் சூழாதபடி காத்தவர்கள், பெயர் தெரியாத எத்தனையோ மின் பொறியாளர்கள்.

நம்மவர்களுக்கு இத்துறை புதியதுமல்ல. 1902ஆம் ஆண்டில் காவிரியின் சிவசமுத்திரம் நீர்வீழ்ச்சியில் உற்பத்தியான மின்சாரம், சுமார் 150 கிலோமீட்டர் கடந்து கோலார் தங்கவயலுக்கு வந்தது. பெங்களூருவின் தெருவிளக்குகள் 1905இல்தான் எரிந்தன. அந்தச் சுரங்கங்களில் உழைத்தவர்களில் பெரும்பகுதியினர் தமிழர். 2001இல் சுரங்கம் மூடப்பட்டபின் அவர்களுடைய பிள்ளைகளில் அநேகர் இந்நகரத்தில் பிழைக்கிறார்கள்.

ஆகவே, வாலிபப் பிள்ளைகளே, விண்ணப்பம் நிரப்புமுன் மூன்று காரியங்களைச் செய்துபாருங்கள். முதலாவது, முதலாம் ஆண்டு மின்சுற்றுப் பாடப்புத்தகம் ஒன்றை இரவல் வாங்கி, கிர்ச்சாஃப் விதிகளை வைத்துப் பத்துக் கணக்குகள் போடுங்கள். மாறுமின்னோட்டம் வந்தவுடன் கலப்பெண்களும், பின்னர் வகைக்கெழுச் சமன்பாடுகளும் வரும். முதல் முயற்சியில் விடை வராவிட்டால் பாதகமில்லை. விடை வராதபோது மறுபடியும் முயல மனம் வருகிறதா என்பதே கேள்வி. இரண்டாவது, கட்டடம் எழும்பும் இடத்திலோ, மோட்டார் பழுதுபார்க்கும் பட்டறையிலோ, தெரிந்தவர் ஒருவரோடு ஒரு வாரம் பாதுகாப்பாக நின்று பாருங்கள். மூன்றாவது, மூன்று பேரிடம் பேசுங்கள்: இறுதியாண்டு மாணவர் ஒருவர், இத்துறையில் பத்தாண்டு வேலை செய்தவர் ஒருவர், இதைப் படித்துவிட்டு மென்பொருளுக்குப் போனவர் ஒருவர்.

அந்த மூன்றாமவர் சொல்வதைக் கவனித்துக் கேளுங்கள். எலக்ட்ரிக்கல் படித்த அநேகர் கல்லூரி வளாகத் தேர்வில் மென்பொருள் நிறுவனங்களுக்கே போகிறார்கள். உங்கள் நாட்டம் மென்பொருளில்தான் என்றால் மோட்டாரையும் டிரான்ஸ்பார்மரையும் நான்கு ஆண்டுகள் சுற்றிவர வேண்டியதில்லை. மின்துறையிலேயே நிற்க விரும்புகிறவர்களுக்கு இடமுண்டு. ரயில்வே 25,000 வோல்ட்டில் ஓடுகிறது, நம்ம மெட்ரோ 750 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் ஓடுகிறது, பாவகடாவில் 2,050 மெகாவாட் சூரியமின் பூங்கா இருக்கிறது, மின்வாகனங்கள் பெருகிவருகின்றன. கேட் தேர்வு எழுதி என்.டி.பி.சி., பவர்கிரிட் போன்ற பொதுத்துறை நிறுவனங்களுக்குப் போகிறவர்களும் உண்டு. ஆனால் தனியார் ஒப்பந்த நிறுவனங்களில் தொடக்கச் சம்பளம் பலவேளை குறைவு. நகரத்துக்கு வெளியே தங்கும்படி நேரும். மின்தடை ஞாயிற்றுக்கிழமை பார்த்து வராமலிருக்காது; ஆராதனையைத் தவறவிடும் வாரங்களும் உண்டு. இவற்றை அறிந்தபின்னும் விருப்பம் மாறவில்லையானால் அது நல்ல அடையாளம்.

பெற்றோருக்கும் சில வார்த்தைகள். பொறியியல் பட்டம் ஒன்றே வாசல் அல்ல. பத்தாம் வகுப்புக்குப்பின் மூன்றாண்டு டிப்ளமோ படித்து, பின்பு நேராகப் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீசியன் பயிற்சி இரண்டு ஆண்டு. வேறு மாநிலத்தில் குடியேறிய நமக்கு இன்னொரு காரியமும் உண்டு: அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு, பிள்ளை எந்த மாநிலத்தில் எத்தனை ஆண்டு படித்தது என்பதை ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு விதமாகக் கணக்கிடுகிறது. விதிகளை ஓராண்டு முன்னதாகவே விசாரியுங்கள். கல்லூரியின் கட்டடத்தைப் பார்க்குமுன் மின்பொறி ஆய்வகத்தைப் பாருங்கள். இயந்திரங்கள் ஓடுகின்றனவா, தூசி படிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். கல்விக்கடனுக்கு மாதத் தவணை எவ்வளவு என்பதை, தாயின் நகை அடகுக்குப் போகுமுன் எழுதிப்பாருங்கள்.

அந்தத் தாய்மாமனுக்கு நான் ஒரு வரலாற்றைச் சொன்னேன். சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் 1940களில் மின் பொறியியல் படித்து முடித்தவர் அ. லலிதா. பதினெட்டு வயதில் விதவையானவர், கைக்குழந்தையின் தாய். பின்னாளில் கல்கத்தாவில் ஒரு மின்பொறியியல் நிறுவனத்தில் பணியாற்றி, பக்ரா நங்கல் அணையோடு தொடர்புடைய வேலைகளிலும் பங்கேற்றார். அக்காலத்திலேயே அது கூடுமானால், இக்காலத்தில் என்ன தடை? மாமன் பதில் சொல்லவில்லை; ஆனால் விண்ணப்பக் கட்டணத்தை அவரே செலுத்தினார். அந்த மகள் இன்று துணைமின் நிலையங்களை வடிவமைக்கும் வேலையில் இருக்கிறாள்.

வயரிங் வேலை செய்யும் சகோதரரின் வீட்டில் காரியம் அத்தனை எளிதாக முடியவில்லை. அவருடைய மகன் அந்த மூன்று காரியங்களையும் உண்மையாகச் செய்தான். ஒரு வாரம் தகப்பனோடு வேலைக்குப் போனான். பத்துக் கணக்குகளில் இரண்டோடு நிறுத்திவிட்டான். பின்பு எங்கள் வீட்டில் வைத்து, "அப்பா, எனக்கு இது வேண்டாம்" என்றான். சகோதரர் வெகுநேரம் தலை குனிந்திருந்தார். "ஐயா, அப்படியானால் நான் இத்தனை வருடம் எதற்காக ஏணி ஏறினேன்?" என்று கேட்டார். அவர் கண்ணீரைக் காண எனக்கும் துக்கமாயிருந்தது. "உங்களுக்கு இல்லாதிருந்த ஒன்று அவனுக்குக் கிடைக்கத்தான் ஏறினீர்கள். தன் வழியைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பே அது" என்றேன். மகன் பி.காம். படித்தான். இப்போது தகப்பனின் ஒப்பந்தங்களுக்கு மதிப்பீடு தயாரிப்பதும், ஜி.எஸ்.டி. கணக்குப் பார்ப்பதும் அவன்தான். சகோதரருக்கு இன்னும் ஒரு சிறு ஏக்கம் உண்டு. அதை அவர் மறைப்பதில்லை. ஆனால் வீட்டில் சமாதானம் இருக்கிறது, கடன் இல்லை.

தாலந்துகளின் உவமையில் எஜமான் எல்லாருக்கும் ஒரே அளவு கொடுக்கவில்லை. அவனவனுடைய திறமைக்குத் தக்கதாகக் கொடுத்தான். அண்டை வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கப்பட்டதை நம் பிள்ளையிடம் தேடவேண்டாம். நம்மால் எட்டமுடியாமற்போன உயரத்தை அவர்கள் தோளில் ஏற்றவும் வேண்டாம். இந்தக் கோடை விடுமுறையில் பிள்ளையின் கையில் ஒரு புத்தகத்தைக் கொடுங்கள். ஒரு பட்டறைக்கு அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் பேசும்போது குறுக்கிடாமல் கேளுங்கள். அதன்பின் குடும்பமாக முழங்காற்படியிட்டு ஜெபியுங்கள். தீர்மானத்தைப் பிள்ளையின் வாயிலிருந்தே வரவிடுங்கள். கர்த்தர்தாமே உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.