அஸ்டோரியாவில் அடைமழை

அஸ்டோரியாவில் நான் பார்த்தவரை உள்ளூர்க்காரர் ஒருவர்கூடக் குடை பிடிக்கவில்லை. தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு அவரவர் வேலையைப் பார்க்கிறார்கள். ஓரிகன் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், கொலம்பியா ஆறு பசிபிக்கில் கலக்கும் இடத்துக்குச் சற்று உள்ளே இருக்கிற சின்ன ஊர் இது. மொத்தமே பத்தாயிரம் பேர்தான். ஆண்டுக்கு 1,700 மி.மீ.க்குப் பக்கத்தில் மழை. சென்னையைவிட மலைக்கும் அளவுக்கு அதிகமில்லை. ஆனால் நம்மூர் மழை நாலு நாள் கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும். இது நசநசவென்று மாதக்கணக்கில் தூறும். 1805-06 குளிர்காலத்தில் லூயிஸ், கிளார்க் ஆய்வுப் பயணக்குழு பக்கத்திலிருக்கும் கிளாட்ஸாப் கோட்டையில் 106 நாள் தங்கியது. அதில் மழை பெய்யாத நாள் 12 மட்டுமே.

சைக்கிள்காரர்களுக்குப் பழக்கமான ஊர்தான். 1976இல் உருவான ட்ரான்ஸ்அமெரிக்கா சைக்கிள் பாதையின் மேற்கு முனை இங்கே. அதில் வர்ஜீனியாவின் யார்க்டவுன் வரை சுமார் 6,800 கி.மீ. மிதிக்கலாம். எனக்கு அவ்வளவு தெம்பில்லை. வாஷிங்டன் மாநிலத்திலிருந்து கடலோரமாகத் தெற்கே இறங்கிக்கொண்டிருந்தேன். வழியில் 1966இல் திறந்த அஸ்டோரியா-மெக்லர் பாலம், 6.5 கி.மீ. நீளம். சைக்கிளுக்கென்று தனித்தடம் கிடையாது, ஒடுக்கமான ஓரம்தான். மரலாரி உரசுகிற மாதிரி போகும்போது யாரும் ஆற்றை ரசிக்க மாட்டார்கள். ஓரத்து வெள்ளைக் கோட்டைத் தவிர நான் எதையும் பார்க்கவில்லை.

மறுநாள் மழை விடவில்லை. சரி, இன்று ஓய்வு. ஈரத் துணியைக் காசு போட்டுத் துவைக்கும் கடையில் போட்டேன். அங்கே கிடந்த பழைய செய்தித்தாளைச் சுருட்டி ஷூவுக்குள் திணித்தேன். அரை மணிக்கொருமுறை எடுத்துப் பிழிந்தால் மைத்தண்ணீர் ஒழுகும், மறுபடி புதுத்தாள். ஷூ காய இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

செருப்போடு கிளம்பி ஆற்றங்கரையிலுள்ள கொலம்பியா ஆற்றுக் கடல்சார் அருங்காட்சியகத்துக்குப் போனேன். ஆறு அடித்துவரும் மணல் முகத்துவாரத்தில் திட்டுத்திட்டாகக் குவிகிறது; எதிரே பசிபிக் அலை வந்து மோதுகிறது. சுமார் இரண்டாயிரம் கப்பல், படகுகள் இங்கே மூழ்கியிருக்கின்றன. பசிபிக்கின் சுடுகாடு என்றே பெயர். அருங்காட்சியகத்தில் கடலோரக் காவல்படையின் 44 அடி மீட்புப் படகை, செயற்கை அலைமீது மூக்கைத் தூக்கி ஏறுவதுபோலச் சாய்த்து நிறுத்தியிருக்கிறார்கள். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் வயிறு கலங்குகிறது. இன்றும் கப்பல்களுக்கு வழிகாட்டும் மாலுமிகள் நடுக்கடலில், ஆடும் கப்பலின் பக்கவாட்டில் தொங்கும் கயிற்று ஏணியைப் பிடித்து ஏறுவதுண்டு. நேற்றைய பாலத்தைப் பற்றி இனிப் புலம்பக் கூடாது என்று தோன்றியது.

அந்தப் பாலத்தின் அடியில்தான் யூனியன்டவுன். மீன் பதனிடும் ஆலைகளுக்கு வேலைக்கு வந்த பின்லாந்துக்காரர்கள் குடியேறிய பகுதி. அவர்களுடைய சுவோமி ஹால் இன்னும் இருக்கிறது. சற்றுத் தள்ளி, கடலோடு வாழ்ந்து மறைந்தவர்களின் பெயர் பொறித்த நினைவுப் பூங்கா. தலைக்கு மேல் வண்டிகள் தடதடக்க, ஒரு பலகையில் கதர் கட்சியின் பெயரைப் பார்த்தேன்.

படித்த கதைதான், இடம்தான் மனதில் பதிந்ததில்லை. இங்கே ஹேமண்ட் மர ஆலையில் பஞ்சாபிகள் பலர் வேலை பார்த்தார்கள். 1913இல் பின்லாந்து சோஷலிஸ்டுகளின் மன்றத்தில் கூடி, வெள்ளையரை ஆயுதத்தால் விரட்ட ஒரு சங்கம் அமைத்தார்கள். அதுதான் கதர் கட்சி ஆனது. சோஹன் சிங் பக்னா தலைவர். லாலா ஹர்தயாள் செயலாளர். அதே ஆண்டு நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ‘கதர்’ பத்திரிகை வெளிவந்தது. உலகப்போர் தொடங்கியதும் ஆயிரக்கணக்கானோர் வேலையை உதறிவிட்டு ஊருக்குக் கப்பலேறினார்கள். அவர்களில், லாகூரில் தூக்கில் தொங்கிய கர்த்தார் சிங் சராபாவுக்கு வயது 19.

பஞ்சாபிக்குப் பின்லாந்துக்காரன் ஏன் இடம் கொடுத்தான்? அப்போது பின்லாந்து ரஷ்ய ஜாரின் கீழ் இருந்தது. இரண்டு தரப்புமே அடிமை நாட்டிலிருந்து கூலிக்கு வந்தவர்கள். விளக்கிச் சொல்ல அதிகம் இருந்திருக்காது என்பது என் ஊகம். அந்த மன்றம் இன்று இல்லை. டெல்லியிலும் லாகூரிலும் நடந்ததைப் பக்கம் பக்கமாகப் படிக்கிறோம். மரத்தூள் படிந்த உடம்போடு, இந்த ஊரிலும் கூட்டம் போட்டார்கள் என்று பாடப்புத்தகத்தில் ஒரு வரி இருந்தால் என்ன குறைந்துவிடும்?

பலகையைப் படித்துக்கொண்டிருந்தபோது மழைக்கோட்டு போட்ட ஒரு தம்பதி வந்து நின்றார்கள். 1985இல் வந்த ‘கூனீஸ்’ சினிமாவின் பல காட்சிகளை இந்த ஊரில்தான் எடுத்தார்கள். அதில் வரும் வீட்டுக்கு எப்படிப் போவது என்று கேட்டார்கள். நேராகக் கிழக்கே போய் மேடேறச் சொன்னேன். காலையில் நானும் அதை வரைபடத்தில் தேடி வைத்திருந்தேன்.