கிணற்றடிக்கு ஒரு காவல்காரன்

வீட்டைப் புதுப்பிக்கிறோம் என்றால் ஹாலுக்குப் பெயின்ட், சமையலறைக்கு டைல்ஸ் என்றுதான் கணக்குப் போடுகிறோம். கொல்லைப்புற மோட்டார் கொட்டகை யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. ஈரக் கையும் வெறுங்காலுமாக நாம் அன்றாடம் புழங்குவது அங்கேதானே!

எங்கள் வீட்டுக் கொட்டகை மாமனார் காலத்தது. துணி துவைக்க வரும் அம்மாள் ஒருநாள், “குழாயைத் தொட்டா சுர்ருங்குதும்மா” என்றார். உடனே மெயினை அணைத்தேன். என் கணவரோ, “மோட்டார் நல்லாத்தானே ஓடுது? ஃபியூஸும் போகலையே!” என்றார்.

அதற்கு எலெக்ட்ரீஷியன் தம்பி சொன்ன பதில் இது: “சார், ஃபியூஸ் வயரைக் காப்பாத்தத்தான். ஆளைக் காப்பாத்த இல்லே.”

ஒரு குதிரைசக்தி மோட்டார் ஓடும்போதே ஆறேழு ஆம்பியர் இழுக்குமாம். அதனால் 15 ஆம்பியர் ஃபியூஸ் போட்டிருந்தது. ஆனால் நம் உடம்பு வழியாக 0.03 ஆம்பியர் பாய்ந்தாலே உயிருக்கு ஆபத்து. அதாவது 15 ஆம்பியரில் ஐந்நூறில் ஒரு பங்கு! ஃபியூஸுக்கு அது தெரியக்கூடத் தெரியாது.

பிரித்துப் பார்த்ததில், ஈரம் இறங்கிய மோட்டாரிலிருந்து மின்சாரம் கசிந்து இரும்புக் குழாய்க்கு வந்திருந்தது. எர்த் கம்பி துருப்பிடித்து அறுந்து கிடந்தது. துணி உலர்த்தும் கொடிக்கம்பியின் ஒரு முனையோ கொட்டகையின் இரும்புத் தூணில்! நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

சோபாவுக்கென்று சேர்த்த பணத்தை இதற்கு எடுத்தோம். மோட்டாருக்கு ரீவைண்டிங் செய்தோம். டேப் சுற்றிய ஒட்டு வயர்களை நீக்கி, ஒட்டே இல்லாத புது வயரைப் பி.வி.சி. குழாய்க்குள் கொண்டுபோனோம். தண்ணீர் தெறிக்காத உயரத்தில் மூடியுள்ள ஸ்விட்ச் பெட்டி வைத்தோம். கரியும் உப்பும் போட்டுப் புது எர்த் குழி எடுத்தோம். கோடையில் அதற்குத் தண்ணீர் ஊற்றுவது என் வேலை. கொடிக்கம்பிக்குப் பதில் நைலான் கயிறு.

முக்கியமானது ஆர்.சி.சி.பி. என்ற காவல் ஸ்விட்ச். போன மின்சாரம் முழுவதும் திரும்பி வருகிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். வழியில் கசிந்தால் நொடியில் மூன்றில் ஒரு பங்குக்குள் அணைந்துவிடும். வாங்கும்போது 30 மில்லி ஆம்பியர்தானா என்று பாருங்கள். 100, 300 என்று போட்டிருப்பவை ஆளைக் காக்கப் போதாது. அதை மாட்டிவிட்டால் எர்த் வேண்டாம் என்றும் நினைக்காதீர்கள், இரண்டும் வேண்டும்.

குழாயில் லேசாகச் ‘சுர்’ரென்றாலும், “மழைக்காலம், அப்படித்தான்” என்று விடாதீர்கள். மெயினை அணைத்துவிட்டு லைசென்ஸ் உள்ளவரைக் கூப்பிடுங்கள். யாராவது மின்சாரத்தில் மாட்டிக்கொண்டால் பதறிப்போய்க் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. முதலில் மெயினை அணைக்க வேண்டும். மெயின் எங்கே என்று விவரம் தெரிந்த பிள்ளைகளுக்கும் காட்டி வையுங்கள்.

அந்த ஸ்விட்சில் ‘டெஸ்ட்’ பொத்தான் ஒன்று உண்டு. அழுத்தினால் டக்கென்று அணைய வேண்டும். அணையாவிட்டால் உடனே மாற்ற வேண்டும். மாதாமாதம் பால் கணக்குப் பார்க்கும் அன்றே நான் இதையும் அழுத்திப் பார்த்துவிடுகிறேன். ஒரு நிமிஷ வேலைதான், நீங்களும் செய்யலாமே!