கொல்லைவாசல் 2002, தெருவாசல் 2003

போன சனிக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன். ஊருன்னா செவிலிமேடு. ராமானுஜர் தினமும் வரதராஜருக்குத் தீர்த்தம் எடுத்துட்டுப் போனதாச் சொல்ற சாலைக்கிணறு இருக்கிற ஊர். அங்கதான் சித்தப்பா பதினோரு தறிக்குப் பாவு கொடுத்து நெய்ய வைக்கிறார். காபி டம்ளரை வாயில வைக்கல, உள்ள இருந்து குரல்.

"டேய், உன் பொட்டி கணக்கு காட்ட மாட்டேங்குதுடா. தறிக்காரங்க வந்து உக்காந்துட்டாங்க."

அவர் சொன்ன 'உன் பொட்டி'க்குப் பின்னாடி ஒரு கதை இருக்கு. யாருக்கு எவ்வளவு பட்டு, எவ்வளவு ஜரிகை எடை போட்டுக் கொடுத்தோம், சேலையா எவ்வளவு திரும்பி வந்தது, முன்பணம் எவ்வளவு பாக்கி, எல்லாம் முன்னாடி நோட்டுல இருந்தது. நான்தான் பெரிய புடுங்கி மாதிரி, உள் ரூம்ல ஒரு பழைய கம்ப்யூட்டர்ல உபுண்டு போட்டு, மைஎஸ்கியூஎல் ஏத்தி, எல்லாத்தையும் அதுக்குள்ள கொண்டு வந்தேன். சனிக்கிழமை கூலி நாள். பதினோரு வீட்டு அடுப்பு அந்தப் பொட்டியை நம்பி இருக்கு. கடைசியா நான் பேக்கப் எடுத்து நாலு மாசம் ஆச்சு. (திட்டாதீங்க, நானே திட்டிக்கிட்டேன்.)

உள்ள போய் கறுப்புத் திரையைத் திறந்து மைஎஸ்கியூஎல்னு தட்டினேன். வந்துச்சு பாருங்க, எர்ரர் 2002. சாக்கெட் வழியா லோக்கல் சர்வரோட இணைய முடியலையாம். வரிக் கடைசியில அடைப்புக்குறிக்குள்ள ஒரு சின்ன 2.

அதுக்குள்ள சித்தப்பா பையன் தெரிஞ்ச கம்ப்யூட்டர் கடைக்குப் போன் போட்டுட்டான். "எல்லாத்தையும் எடுத்துட்டு திரும்ப இன்ஸ்டால் பண்ணிடுங்க, பத்து நிமிஷ வேலை"ன்னு பதில். வெளிய பதினோரு பேர் காத்துக்கிட்டு இருக்கிற அவசரத்துல, உண்மையைச் சொல்றேன், என் கையும் பர்ஜ் கட்டளைப் பக்கம் போயிடுச்சு. உபுண்டுல அதைக் கொடுத்தா நடுவுல 'டேட்டாபேஸ்களையும் அழிக்கட்டுமா'ன்னு ஒரு கேள்வி வரும். அவசரத்துல 'ஆமாம்'னு தட்டினா சோலி முடிஞ்சது.

காப்பாத்தினது சித்தப்பாவோட எரிச்சல். "இழை அறுந்தா அறுந்த இடத்தைத் தேடாம, பாவையே வெட்டிடலாம்ங்கிறியா?"

கையை எடுத்துட்டு அந்தச் சின்ன 2-ஐப் பார்த்தேன். நாம எல்லாரும் 2002-ஐ கூகுள்ல தேடுவோம், அடைப்புக்குறிக்குள்ள இருக்கறதை விட்டுடுவோம். விஷயமே அதுலதான் இருக்கு. அது இயங்குதளம் சொல்ற காரணம். பெர்ரர்னு ஒரு குட்டிக் கட்டளை இருக்கு, பெர்ரர் 2-ன்னு கேட்டா 'அப்படி ஒரு கோப்பே இல்லை'ன்னு சொல்லும். 13 வந்தா கோப்பு இருக்கு, உனக்கு அனுமதி இல்லை. 111 வந்தா கோப்பு இருக்கு, உள்ள கேட்க ஆளில்லை. (கட்டளையைத் தமிழ்ல எழுதியிருக்கேன், தட்டும்போது இங்கிலீஷ்ல தட்டுங்க சாமி :-)

லோக்கல்ஹோஸ்ட்டும் 127.0.0.1-ம் ஒண்ணுதானேன்னு ரொம்ப நாள் நானும் நினைச்சிருந்தேன். லினக்ஸ்ல மைஎஸ்கியூஎல்லுக்கு ரெண்டும் வேற. லோக்கல்ஹோஸ்ட்னா சாக்கெட் கோப்பு வழி, அதாவது வீட்டு ஆளுங்க புழங்குற கொல்லைவாசல். 127.0.0.1-ன்னா 3306 போர்ட் வழி, தெருவாசல். அதனால 127.0.0.1 போட்டும் தட்டிப் பார்த்தேன். எர்ரர் 2003, அடைப்புக்குறிக்குள்ள 111. தெருவாசல் திறந்திருந்தா சாக்கெட் கோப்பு இருக்கிற இடம்தான் குழப்பம்னு அர்த்தம். ரெண்டு வாசலும் சாத்தியிருக்குன்னா சர்வரே எழுந்திருக்கல.

ஏன் எழுந்திருக்கல? எர்ரர் லாகைத் திறந்தா கடைசி வரிகள்லயே இருந்தது, வட்டுல இடம் இல்லை. டிஎஃப் போட்டா நூத்துக்கு நூறு. வாடிக்கையாளருக்கு அனுப்பற சேலைப் போட்டோ, விடியோ எல்லாத்தையும் தம்பி இதே வட்டுல கொட்டி வச்சிருக்கான். வெள்ளிக்கிழமை ராத்திரி கரண்ட் போய் வந்ததும், சர்வர் எழுந்திருக்கறப்ப வேணுங்கிற தற்காலிகக் கோப்புக்குக்கூட இடம் இல்லாம மயங்கி விழுந்திருக்கு. விடியோவை எல்லாம் வெளி டிஸ்க்குக்கு மாத்திட்டு சர்வரை எழுப்பினேன். எழுந்துச்சு. ஒரு பதிவுகூடப் போகல. மொதல்ல பேக்கப் எடுத்துட்டுத்தான் அந்தக் காபியைத் தொட்டேன். ஆறிப் போயிருந்தது.

முடிஞ்சதுன்னு நினைச்சா, முன் ரூம்ல இருக்கிற விண்டோஸ் பொட்டியில 2003, அடைப்புக்குறிக்குள்ள 10061. இணைப்பை மறுத்துட்டாங்கன்னு அர்த்தம். பிங் போட்டா பதில் வருது! தலையைச் சொறிஞ்சுக்கிட்டுப் பார்த்தா, பதில் சொன்னது சித்தியோட போன். கரண்ட் போய் வந்ததுல ரவுட்டர், சர்வரோட பழைய நம்பரை முதல்ல வந்த போனுக்குத் தூக்கிக் கொடுத்திருக்கு. பாவம், போன்கிட்ட போய் ஜரிகைக் கணக்கு கேட்டா அது என்ன பண்ணும்?

புது நம்பர் போட்டதும் அடுத்தது, 1130. இந்தப் பொட்டிக்கு உள்ள வர அனுமதி இல்லையாம். முன் ரூம் பொட்டியோட நம்பரும் மாறியிருக்கு, நான் பழைய நம்பருக்கு மட்டும்தான் அனுமதி கொடுத்திருந்தேன். 1130, 1045 ரெண்டையும் பார்த்தா நான் இப்ப சந்தோஷப்படுவேன். சர்வர் உயிரோட இருந்து, கதவு வரைக்கும் வந்து, 'நீ யாரு'ன்னு கேட்டாத்தான் அந்த எர்ரரே வரும். கடுப்புல பர்சென்ட் குறி போட்டு எல்லாப் பொட்டிக்கும் திறந்து விடலாம்னு தோணுச்சு. அப்படிச் செஞ்சா எந்த நம்பர்ல இருந்து வேணா கதவைத் தட்டலாம். வேண்டாம்னு விட்டுட்டு, ரவுட்டர்ல ரெண்டு பொட்டிக்கும் பழைய நம்பரையே நிரந்தரமா எழுதி வச்சேன். எல்லா எர்ரரும் போச்சு.

பதினோரு மணிக்குக் கூலி கொடுத்து முடிச்சார் சித்தப்பா. ஒருத்தருக்கும் ஒரு ரூபா பிசகல.

சொந்த டொமைன்ல வேர்ட்பிரஸ் போட்டு எழுதற நண்பர்களே, ஒருநாள் காலையில உங்க பக்கம் முழுக்க வெள்ளையாகி, டேட்டாபேஸ் இணைப்பு இல்லைன்னு ஒரே ஒரு வரி நிக்கும் பாருங்க, அதுவும் இதே குடும்பம்தான். கொல்லைவாசலா, தெருவாசலா, காவல்காரரா, எங்க நின்னுச்சுன்னு மொதல்ல பாருங்க. பத்து வருஷப் பதிவை அவசரத்துல அழிச்சுடாதீங்க.

இப்ப தினம் ராத்திரி வேற வட்டுக்குத் தானா பேக்கப் போகுது. சித்தப்பா இருந்தாலும் அலமாரியில இருந்து பழைய நோட்டைத் தூசி தட்டி எடுத்து வச்சிருக்கார். சனிக்கிழமைக் கணக்கை அதுலயும் ஒரு வரி எழுதிக்கிறார். வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வரல.