கால் டன் வண்டியும் ஒரு கருங்கல்லும்

ஜீப் என்னும் பெயரை அறியாதார் நம் கல்லூரியில் ஒருவரும் இலர். ஆயினும் அமெரிக்க இராணுவத்தார் தம் ஏடுகளில் அதற்கு இட்ட பெயர் 'கால் டன் டிரக்கு' என்பதாம். 1941 முதல் 1945 முடிய வில்லிஸ், போர்டு என்னும் இரு கம்பெனியாரும் இவ்வகை வண்டிகள் 6,00,000-க்கு மேல் செய்து போர்முனைகளுக்கு அனுப்பினர். போர் ஓய்ந்த பின்னர் அவற்றுட் பல ஏலத்திற்கு வந்தன. அங்ஙனம் பலர் கை மாறிய வண்டி ஒன்று, முடிவில் பாப்பிரெட்டிப்பட்டியில் நம் வீட்டுப் புளியமரத்தடிக்கு வந்து சேர்ந்தது. அவ்வண்டியின் பொருட்டு நாம் பட்ட அச்சம் ஒன்றையே ஈண்டு எழுதப் புகுந்தோம். 1987-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறை அது. நாம் இக்கல்லூரியில் பௌதிகம் பயின்று, இரண்டாம் ஆண்டுப் பரீட்சை எழுதிவிட்டு, பொம்மிடி ஸ்டேஷனில் இறங்கி வீடு சேர்ந்த சமயம்.

வண்டியில் பழமையென்று சொல்லத்தக்கவை சிலவே எஞ்சியிருந்தன. என்ஜினும் கியர்பெட்டியும் தந்தையார் வாங்குமுன்பே மாற்றப்பட்டவை. சட்டமும், இடப்புறத்து ஸ்டீரிங்கும், சில போல்ட்டுகளுமே போர்க்காலத்தவை. போர்டு கம்பெனியார் தாம் செய்த போல்ட்டின் தலையிலும் தம் பெயரின் முதலெழுத்தைப் பொறிப்பது வழக்கம். சிறுவயதில் நாமும் நம் தம்பியும் வண்டிக்கடியில் ஊர்ந்து அவ்வெழுத்துகளைத் தேடி எண்ணுவோம். அதிகம் கண்டவனுக்கு அன்று மாலை முன்னிருக்கை.

விளையாட்டுப் பொருளாய் எமக்கிருந்த வண்டியே குடும்பத்துக்குச் சோறாகவும் இருந்தது. தந்தையார் அதில் சித்தேரி மலையூர்களுக்குச் சென்று புளியும் சாமையும் ஏற்றி வருவார். மலைமக்கள் சந்தைக்கும் வைத்தியசாலைக்கும் அதிலேயே இறங்குவர். நம் கல்லூரிக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அச்சக்கரங்களில் உருண்டு வந்தவையே என்றால் மிகையாகாது.

நிற்க. அவ்வாண்டு வண்டியில் ஒரு நோய் கண்டது. அதனை விளக்கச் சிறிது யந்திர விஷயம் கூறவேண்டியிருக்கிறது. தமிழ் வகுப்பு நண்பர்கள் பொறுப்பார்களாக. என்ஜினில் பிறக்கும் சுழற்சி கியர்பெட்டியைக் கடந்து மற்றொரு பெட்டிக்கு வருகிறது. மெக்கானிக்குகள் அதனை டிரான்ஸ்பர் கேஸ் என்பர். ஒரு நீண்ட தண்டின் வழியே பின் அச்சுக்கும், வேண்டியபோது மற்றொரு தண்டின் வழியே முன் அச்சுக்கும் சுழற்சியைப் பகிர்ந்தனுப்புவது அதன் தொழில். அதற்குரிய லீவர்களுள் ஒன்றை மாற்றினால் வேகம் ஏறத்தாழப் பாதியாகும். இழுவை ஏறத்தாழ இருமடங்காகும். மலையேறுதற்கும், அதைவிட முக்கியமாக மலையிறங்குதற்கும், இக்குறைந்த வேகமே துணை. இன்னும் ஒன்று. ஜீப்பின் கைப்பிரேக்கு மற்ற வண்டிகளிற்போலச் சக்கரங்களைப் பற்றுவதன்று. இப்பெட்டியின் பின்புறத்துச் சிறு டிரம்மையே பற்றுவது. இச்செய்தியை வாசகர் மறவாதிருக்க வேண்டுகிறோம். நாம் மறந்தோம்.

சில மாதங்களாகவே அப்பெட்டி ஊளையிட்டுக் கொண்டிருந்ததாம். ஒரு மாலை புளிமூட்டைகளோடு சித்தேரியிலிருந்து இறங்குகையில், குறைந்த வேகத்தில் இட்டிருந்த லீவர் தானே துள்ளி வெளிவந்துவிட்டது. என்ஜினின் பிடி நீங்கவே வண்டி சரிவில் விரையத் தொடங்கிற்று. மூட்டைகளின்மேல் இரு பெண்களும் ஒரு கைக்குழந்தையும் இருந்தனர். தந்தையார் கால்பிரேக்கால் ஒருவாறு நிறுத்தி, மீதி வழியெல்லாம் அந்த லீவரை முழங்காலால் அழுத்திப் பிடித்தவாறே ஊர் வந்து சேர்ந்தார். அன்னையாரிடம் இதனை அவர் சொல்லவில்லை. மறுநாள் முழங்காலில் கண்டிருந்த காயத்துக்கு வேறு காரணம் கூறினார்.

நம்மூரில் பட்டறை வைத்திருந்த முதியவர் ஒருவர் வந்து பார்த்தார். இராணுவத்தின் யந்திரப் பட்டறையில் பல ஆண்டு ஊழியம் செய்தவர். ஊரார் அவரைப் பாய் என்றே அழைப்பர். பெட்டியின் அடிமூடியைக் கழற்றி எண்ணெயை வடித்தபோது, அது வெயிலில் வெள்ளிப்பொடி கலந்ததுபோல் மின்னிற்று. "இது எண்ணெய் இல்லை தம்பி, உங்கள் வண்டியின் பல்" என்றார். நடுவிலுள்ள பல்சக்கரத்தைத் தாங்கும் தண்டு போர்க்கால வண்டிகளில் முக்கால் அங்குலக் கனமே உடையது. அத்தண்டு தேய்ந்ததோடு, அது புகுந்திருந்த துவாரமும் நீள்வட்டமாய்விட்டது. எனவே தண்டை மாற்றிப் பயனில்லை. பெட்டியையே மாற்ற வேண்டும். பிற்காலத்து ஜீப்புகளில் அத்தண்டு ஒன்றேகால் அங்குலம் வரை பருத்திருக்கும் என்றும், அத்தகைய பெட்டி சேலத்தில் கிடைக்கும் என்றும் சொன்னார்.

சேலத்தில் பழைய இரும்புக் கடைகளில் ஒரு பகல் அலைந்தோம். முதற்கடைக்காரர் புதுச்சாயம் பூசிப் பளபளத்த பெட்டி ஒன்றைக் காட்டி, நேற்றுத்தான் நல்ல வண்டியிலிருந்து கழற்றியதென்று சத்தியம் செய்தார். பாய் ஒன்றும் பேசாமல் மூடியைத் திறந்து சுட்டுவிரலை உள்ளேவிட்டு, ஒரு பல்லைத் தடவி, விரலைத் துடைத்துக்கொண்டு நடந்தார். நான்காவது கடையில் மண்ணும் மசியும் அப்பிக் கிடந்த ஒன்றையே தேர்ந்தார். தந்தையார் முகத்தில் ஐயம் நிழலாடிற்று. ஆயினும் பணத்தை எண்ணிக் கொடுத்தார். அது நம் அடுத்த பருவக் கட்டணத்துக்கென்று எடுத்து வைத்த பணம்.

மறுநாட் காலை வேலை தொடங்கிற்று. முந்திய இரவு கோடைமழை பெய்து செம்மண் இளகியிருந்தது. வண்டி முன்புறம் மேட்டையும் பின்புறம் வாய்க்காலையும் நோக்கிச் சிறு சரிவில் நின்றது. கைப்பிரேக்கு இழுக்கப்பட்டிருந்தது, பின்சக்கரத்துக்குப் பின்னே பாய் ஒரு கருங்கல்லையும் வைத்திருந்தார். முன் அச்சுக்குச் செல்லும் தண்டைக் கழற்றி வைத்துவிட்டு, பெட்டியைத் தாங்குதற்கு ஜாக்கியைக் கொணருமாறு நமக்குக் கட்டளையிட்டார். ஜாக்கியோ ஈரமண்ணில் புதைந்தது. அதன் அடியிற் கொடுக்க ஏதேனும் கிடைக்குமா என்று நோக்கினோம். வண்டி அசையாமல் நிற்க, அக்கருங்கல் சக்கரத்தைத் தொட்டும் தொடாமலும் வீணே கிடப்பதாக நமக்குத் தோன்றிற்று. எடுத்தோம். ஜாக்கிக்கு அடியில் இட்டோம். சாய்தளத்தைப் பற்றி ஒரு மாதத்துக்கு முன்னர்ப் பரீட்சையில் நான்கு பக்கம் எழுதியவர் நாமே!

பாய் இரு சக்கரங்களுக்கும் இடையே கால்களை வெளியே நீட்டி, மல்லாந்து படுத்து, பின் அச்சுக்குச் செல்லும் தண்டின் கடைசி நட்டை விடுத்தார். தண்டு கழன்றது. அக்கணமே கைப்பிரேக்குக்கும் சக்கரங்களுக்கும் இருந்த தொடர்பு அற்றது. பிரேக்கு டிரம்மைப் பிடித்தபடியே இருந்தது. வண்டியோ பின்னோக்கி உருண்டது. முன்சக்கரம் அவர் முழங்காலை நோக்கி வருவதைக் கண்டோம். கூவ நினைத்தோம், குரல் எழவில்லை.

வண்டி நின்றுவிட்டது. நம் தம்பி, அப்போது பன்னிரண்டு வயதினன், இருமுறை இறங்கச் சொல்லியும் கேளாமல் டிரைவர் இருக்கையில் அமர்ந்து வண்டி ஓட்டுவதுபோல் விளையாடிக் கொண்டிருந்தவன், வண்டி நகரவே திகைத்துக் கால்பிரேக்கை அழுத்திவிட்டான். முழங்காலுக்கும் டயருக்கும் நான்கு விரற்கடை இடைவெளி இருந்தது.

"காலை எடுக்காதே கண்ணு, அப்படியே இரு" என்று அடியிலிருந்து பாயின் குரல் வந்தது. மெல்ல ஊர்ந்து வெளிவந்தார். வேறொரு கல்லைத் தேடி எடுத்துச் சக்கரத்தடியில் அறைந்தார். பின்னரே தம்பியை இறங்கச் சொன்னார். ஜாக்கிக்கு அடியில் கிடந்த கருங்கல்லை நோக்கினார். செம்மண் அப்பிய நம் கைகளை நோக்கினார். சத்தம் கேட்டு ஓடிவந்த தந்தையாரிடம், "மண் இளகல், சற்று நகர்ந்துவிட்டது" என்று மட்டும் சொல்லிவிட்டு ஸ்பானரைக் கேட்டார். எடுத்துக் கொடுத்த நம் கை நடுங்கிற்று.

எஞ்சிய வேலை பிற்பகல் வரை நடந்தது. பழைய பெட்டியைப் பின்னிழுக்கும்போது கியர்பெட்டியின் தண்டும் கூடவே வந்துவிட்டால் கியர்பெட்டியையும் பிரிக்க நேரும். அதனைத் தடுக்கப் பாய் ஒரு கம்பியைத் தண்டில் வளையமிட்டு முன்னே கட்டிய சாமர்த்தியம் இன்றும் கண்முன் நிற்கிறது. புதிய பெட்டியின் பல்சக்கரம் தண்டில் தயக்கமின்றி ஏறிற்று. பின்மூடியில் மெல்லிய தகடுகளை ஒவ்வொன்றாய்க் கூட்டியும் குறைத்தும், கையாற் சுழற்றிப் பார்த்து, ஆட்டமும் இறுக்கமும் இன்றி அமைத்தார். ஒவ்வொரு முறை வண்டிக்கடியில் புகுமுன்னரும் கல்லைக் காலால் ஒருமுறை உதைத்துப் பார்த்துக் கொண்டார். அவ்வுதை ஒவ்வொன்றும் நம்மேலேயே விழுந்தது.

மூன்றாம் நாள் மலைக்குப் புறப்பட்டோம். தந்தையார் வண்டியோட்ட, பாய் அருகில் அமர்ந்தார், நாம் பின்னால். குறைந்த வேகம் முன்னினும் மெதுவாகவும் வலிவாகவும் இருந்தது. இறக்கத்தில் அந்த லீவரின்மேல் முழங்கால் வைக்க வேண்டியிருக்கவில்லை, ஊளையும் இல்லை. வழியில் என்ஜினுக்குத் தண்ணீர் விடத் தந்தையார் ஓடைக்கு இறங்கிய சமயம், பாயிடம் உண்மையைச் சொல்லிவிட்டோம்.

"தெரியும் தம்பி. ஜாக்கிக்கு வைக்க ஊரில் வேறு கல்லா இல்லை?" என்று சிரித்தார். பின்பு தம் முழங்காலைத் தடவிக்கொண்டு சிறிதுநேரம் வாளாவிருந்தார்.

தந்தையாரிடம் நாம் இதுகாறும் சொன்னதில்லை. இம்மலரின் பிரதி ஒன்று ஆண்டுதோறும் நம் வீட்டுக்கும் வருகிறது. கண்ணாடியை அணிந்துகொண்டு முதலிலிருந்து கடைசி வரை அவர் படிப்பது வழக்கம்.