பூசிய பச்சை

வெண்கலம் புதிதாக இருக்கும்போது பொன்னைப் போலப் பளபளக்கும். நேப்பிள்ஸ் நகரத்துப் பட்டறைக்காரர்களுக்கு அந்தப் பளபளப்புதான் பெரிய தலைவலியாக இருந்திருக்க வேண்டும்.

கி.பி. 79-ல் வெசூவியஸ் எரிமலை புதைத்துவிட்ட பாம்பேயில், 1830-ல் ஒரு பெரிய மாளிகையைத் தோண்டி எடுத்தார்கள். கிடைத்தது ஒரு வெண்கலச் சிலை. உயரம் சுமார் 71 சென்டிமீட்டர்தான். ஃபான் என்ற வன தேவன் கைகளை உயர்த்தி, நுனிக்காலில் நின்று ஆடுகிறான். அவன் பெயரே மாளிகைக்கும் நிலைத்துவிட்டது. அவனை மட்டும் நேப்பிள்ஸ் பொருட்காட்சி சாலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

பார்க்க வந்த சீமான்களுக்கு, அவனை வீட்டுக்கு அழைத்துப்போக ஆசை. ஆசை இருக்குமிடத்தில் கடை முளைக்காதா? ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறிய புகைப்படக்காரர் சோம்மர் வெண்கலப் பிரதிகளும் விற்றார். 1870-ல் கென்னாரோ கியுராட்சி ஒரு வார்ப்புப் பட்டறை தொடங்கினார். மூலச் சிலையில் அச்செடுத்து, மெழுகில் உருச்செய்து, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு, அந்த இடத்தில் வெண்கலத்தை வார்ப்பது அவர்கள் முறை.

ஆனால் வாங்குகிறவர் கேட்டது சிலையை மட்டுமல்ல. அதன் வயதையும் சேர்த்துத்தான். மண்ணுக்குள் பதினேழு நூற்றாண்டு கிடந்து ஏறிய களிம்பை, திராவகம் பூசி வரவழைத்தார்கள். பாம்பேய் என்றால் பச்சை. ஹெர்குலேனியம் என்றால் கருமை. வேண்டிய நிறத்தைச் சொல்லி வாங்கலாம்!

சிரிப்பு வருகிறது. ஆனாலும் மூலம் என்று எதைச் சொல்வது? ரோமாபுரிச் செல்வர்களே கிரேக்கச் சிலைகளைப் பார்த்துச் செய்வித்துக் கொண்டவர்கள்தாம். 1862-ல் பாம்பேயில் கிடைத்த ஓர் அழகனுக்கு நார்சிசஸ் என்று பெயர் வைத்தார்கள். அவன் டயோனிசஸாக இருக்க வேண்டும் என்கிறார்கள் இன்றைய அறிஞர்கள். அதற்குள் அவன் பிரதிகள் பழைய பெயரோடு எத்தனையோ வரவேற்பறைகளில் குடியேறிவிட்டன.

"இந்தக் கதை உங்கள் சொந்தச் சரக்கா?" என்று என்னைக் கேட்கும் வாசகர்கள் உண்டு. என் அச்சு என் பாட்டி சொன்ன கதைகளில் எடுத்தது, உலோகம் என்னுடையது. அதை ஒளிக்க நான் விரும்பவில்லை. முந்தினவர்களைப் பார்த்து வார்ப்பதில் வெட்கமில்லை. வராத முதுமையைப் பூசிக்கொள்வதுதான் எனக்குப் பிடிக்காதது.

பாம்பேய் மாளிகையின் மழைநீர்த் தொட்டியில் இன்று ஆடுகிறவனும் பிரதிதான். மூலச் சிலை பொருட்காட்சி சாலையில் பத்திரமாக இருக்கிறது. வீட்டில் நின்று வெயிலும் மழையும் தாங்குகிறவன் இவன். இவன் மேல் படியும் பச்சையை யாரும் பூச வேண்டியதில்லை.