ஏழு மணிக்கு நின்றுபோன போர்

லண்டனில் சுமார் 400 சதுர அடிக்குள் அடங்கிக் கிடக்கிறது வாட்டர்லூ. அதில் யாரை எங்கே நிறுத்துவது என்ற தகராறு ஒரு மனிதரின் வாழ்க்கையையே விழுங்கியது.

லண்டன் ஸ்லோன் ஸ்கொயர் நிலையத்தில் இறங்கி கிங்ஸ் ரோடில் சில நிமிடம் நடந்தால் இடது பக்கம் பெரிய தூண்களோடு ஒரு பழைய கட்டடம் வரும். இன்று அது நவீன ஓவியங்களுக்குப் பேர்போன சாட்சி கேலரி. அதைப் பொருட்படுத்தாமல் தாண்டிப்போனேன். நான் தேடிப்போனது அங்கிருந்து கொஞ்ச தூர நடையில் இருக்கும் தேசிய ராணுவ அருங்காட்சியகத்தை. பக்கத்திலேயே ராயல் ஹாஸ்பிடல். அங்கே தங்கியிருக்கும் ஓய்வுபெற்ற சிப்பாய்கள் இருவர் சிவப்புக் கோட்டும் பதக்கங்களுமாக வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள். அந்தச் சிவப்பைத்தான் பல மாதங்களாக வீட்டில் கலந்து கலந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே, கண்ணாடிக்குப் பின்னால் விரிந்து கிடக்கிறது வாட்டர்லூ போர்க்களம். முதல் பார்வைக்குப் பாசி படிந்த பழைய ஜமக்காளம் மாதிரித்தான் தெரிகிறது. குனிந்து பார்த்தால் வரப்புகள், சாலைகள், ஓட்டு வீடுகள். இன்னும் உற்றுப் பார்த்தால் மனிதர்கள். ஒரு சென்டிமீட்டர் உயரத்தில், ஈயமும் தகரமும் கலந்து வார்த்த சிப்பாய்கள், எழுபதாயிரத்துக்கும் மேல். 1815 ஜூன் 18, மாலை ஏழு மணி. நெப்போலியனின் காவற்படை கடைசித் தாக்குதலுக்கு மேடேறும் நேரம். 1838-ல் செய்து முடித்த இந்த மாதிரியில் கடிகாரம் அங்கேயே நின்றுவிட்டது.

நான் வேடிக்கை பார்க்க மட்டும் போகவில்லை. மும்பையில் என் சாப்பாட்டு மேஜையின் ஒரு பாதியை பிரிட்டிஷ் 33-ஆவது ரெஜிமென்ட் ஆக்கிரமித்திருக்கிறது. பொம்மைச் சிப்பாய்களை வாங்கி, ஒட்டி, வண்ணம் பூசி, அணிவகுத்து, பகடையும் அளவுகோலும் கொண்டு பழைய போர்களைத் திரும்ப ஆடிப்பார்ப்பது ஒரு பொழுதுபோக்கு. இங்கிலாந்தில் இதற்கென்றே கடைகளும் கண்காட்சிகளும் உண்டு. நம் ஊரில் சொன்னால், "இந்த வயசிலயா?" என்று கேட்பார்கள். 33-ஐத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. 1799-ல் திப்புவின் ஸ்ரீரங்கப்பட்டணத்தை முற்றுகையிட்ட ஆர்தர் வெல்ஸ்லி என்ற கர்னலின் ரெஜிமென்ட் அது. பதினாறு ஆண்டு கழித்து அந்தக் கர்னல் வெல்லிங்டன் பிரபுவாக வாட்டர்லூ மேட்டில் நின்றபோது, அதே ரெஜிமென்ட் அவருடைய படை வரிசையில் இருந்தது.

ஒரு சிப்பாயை உருவாக்குவது எளிதல்ல. அச்சில் வந்த பிசிறுகளைக் கத்தியால் சீவி எடுக்க வேண்டும். கை, துப்பாக்கி, முதுகுப்பையை பசை வைத்து ஒட்ட வேண்டும். பிறகு பிரைமர். அது காய்ந்ததும் கோட்டுக்குச் சிவப்பு, காற்சட்டைக்குச் சாம்பல், தொப்பிக்குக் கறுப்பு. மார்பில் குறுக்காக ஓடும் வெள்ளைப் பட்டைகள்தான் கையை நடுங்க வைக்கும். மூச்சைப் பிடித்துக்கொண்டு, சில மயிரே உள்ள பிரஷ்ஷால் ஒரே இழுப்பு. கடைசியில் நீர்த்த பழுப்பு வண்ணத்தை மேலே ஓடவிட்டால் மடிப்புகளில் நிழல் தங்கி முகத்துக்கு உயிர் வரும். மழைக்காலத்தில் வார்னிஷ் ஸ்பிரே அடித்தால் ஈரக்காற்றில் வெள்ளையாகப் பூத்துப்போய், ஒரு மாத உழைப்பு பனிமூட்டத்தில் மறையும். ஜூலையில் எங்கள் வீட்டில் அது நடந்தது.

வண்ணம் என்றால் எந்த வண்ணம் என்பது அடுத்த கேள்வி. சாதாரண சிப்பாயின் கோட்டுக்கு மஞ்சிட்டி வகைச் செடியின் வேரிலிருந்து எடுத்த சாயம், செங்கல் நிறம். அதிகாரியின் கோட்டுக்கு கொச்சினீல் பூச்சியின் சாயம், பளீர் சிவப்பு. காலரும் கைப்பட்டியும் ரெஜிமென்டுக்கு ரெஜிமென்ட் மாறும். 33-க்குச் சிவப்பு, பக்கத்தில் நின்ற 30-க்கு வெளிர் மஞ்சள், 73-க்குக் கரும்பச்சை. பிரெஞ்சுக்காரரின் நீலத்துக்கு அவுரி வேண்டும். பிரிட்டிஷ் கடற்படை கடல்வழியை அடைத்ததும் பிரான்சில் அவுரிக்குத் தட்டுப்பாடு வந்தது. 1806-ல் நெப்போலியன் சில ரெஜிமென்டுகளை வெள்ளைச் சீருடைக்கு மாற்றிப் பார்த்தார். வெள்ளைத் துணியில் ரத்தக்கறை கோரமாகத் தெரிந்தது. சோதனை சீக்கிரமே கைவிடப்பட்டது. நம் தஞ்சை, ஆர்க்காட்டுப் பக்கங்களில் விளைந்த ஒரு செடி இல்லாததால் ஐரோப்பாவின் பெரிய ராணுவமே சட்டை மாற்றியது.

இதெல்லாம் வெறும் அலங்காரம் என்று நினைத்தால் தவறு. வாட்டர்லூவின் கிழக்கு ஓரத்தில் அன்று மாலை வந்துசேர்ந்த ப்ரஷ்யர்கள், வெல்லிங்டன் பக்கம் நின்ற நாசோ படையினரின் சீருடையைப் பார்த்து பிரெஞ்சுக்காரர் என்று நினைத்துச் சுட்டார்கள். கூட்டாளியின் குண்டுக்கே ஆட்கள் பலியானார்கள்.

பொம்மைப் படை கட்டுகிறவனுக்கு நிறத்தைவிடப் பெரிய தலைவலி கணக்கு. நெப்போலியனிடம் சுமார் 73,000 பேர், வெல்லிங்டனிடம் 68,000, பின்னால் வந்த ப்ரஷ்யர்கள் ஏறத்தாழ 48,000. இருபது பேருக்கு ஒரு பொம்மை என்று வைத்தாலும் ஒன்பதாயிரத்துக்கு மேல் தேவை. நாளுக்கு ஒன்று முடித்தால் இருபத்தாறு ஆண்டு. அதனால் எல்லாருமே எதையாவது விட்டுவிடுகிறார்கள். பிரெஞ்சுக் காவற்படையை வாங்குவார்கள், சிவப்புக் கோட்டுக்காரர்களை வாங்குவார்கள். ப்ரஷ்யர்கள் 'அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' பட்டியலில் போவார்கள். என் மேஜையிலும் அதுதான் நடந்தது.

செல்சியில் கண்ணாடிக்குள் இருக்கும் படையைக் கட்டியவருக்கு அப்படி விட்டுவிட மனமில்லை. வில்லியம் சைபோர்ன் 1797-ல் பிறந்தவர். வாட்டர்லூவில் அவர் சண்டை போடவில்லை. போர் முடிந்த பிறகே பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்தார். நில அளவையிலும் வரைபடக் கலையிலும் கெட்டிக்காரர். 1830-ல் ராணுவத் தலைமை அவரிடம் வாட்டர்லூ மாதிரி ஒன்றைச் செய்யச் சொன்னது. அவர் களத்தின் நடுவில் இருந்த லா ஹே சாந்த் பண்ணை வீட்டிலேயே எட்டு மாதம் தங்கி, மேடு பள்ளம் ஒவ்வொன்றையும் அளந்தார்.

லண்டனுக்கு வருவதற்கு முந்திய வாரம் அந்த வீட்டை நான் பார்த்தேன். பிரஸ்ஸல்ஸிலிருந்து தெற்கே போகும் சாலையோரம் வெள்ளைச் சுவரோடு இன்றும் நிற்கிறது. தனியார் சொத்து என்பதால் வாசலோடு சரி. எதிரே தெரிவது சிங்கச் சிலை தாங்கிய செயற்கைக் குன்று, 226 படி. 1826-ல் முடிந்த அந்தக் குன்றுக்கு மண் எடுத்ததில் வெல்லிங்டன் படை ஒளிந்து நின்ற மேட்டின் ஒரு பகுதியே கரைந்துபோனது. போரை நினைவுகூர, போர் நடந்த இடத்தை வெட்டியிருக்கிறார்கள். சைபோர்ன் அளக்கப் போனபோதே அந்த மேடு பழைய மேடாக இல்லை.

நிலத்தை அளக்கலாம், ஆளை எப்படி அளப்பது? உயிரோடிருந்த வாட்டர்லூ அதிகாரிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். ஏழு மணிக்கு உங்கள் படை எங்கே நின்றது, எந்த அணிவகுப்பில், எதிரே யார், காலடியில் என்ன பயிர் என்றெல்லாம் கேட்டார். நூற்றுக்கணக்கில் பதில்கள் வந்தன. ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுத்தார். புகைக்கு நடுவே தன் ஆட்களை மட்டும் பார்த்தவர்கள் அவர்கள். ஏறத்தாழ இருபது ஆண்டு கழித்து நினைவு கொஞ்சம் தன் பக்கமாகவே சாய்ந்திருக்கும். காவற்படையை முறியடித்தது நாங்கள்தான் என்று ஒன்றுக்கு மேற்பட்ட ரெஜிமென்டுகள் உரிமை கொண்டாடின. அந்தக் கடிதங்களை அவர் பத்திரப்படுத்தினார். அவர் மகன் அவற்றில் ஒரு பகுதியை 1891-ல் புத்தகமாக்கினார். வாட்டர்லூவைப் பற்றி எழுதுகிறவர்கள் இன்றும் அந்தக் கடிதங்களைத் தாண்டிப்போக முடியாது.

அடுத்தது அளவுச் சிக்கல். ஒரு மைலுக்கு ஒன்பது அடி என்று நிலத்தைச் சுருக்கினார். அந்தக் கணக்கில் மனிதன் மூன்று மில்லிமீட்டர்தான் இருக்க வேண்டும், கண்ணுக்கே தெரியாது. ஆகவே சிப்பாயைப் பத்து மில்லிமீட்டர் ஆக்கினார். களத்தில் நிற்பவர்கள் உண்மையில் இருபதடி அரக்கர்கள்! பொம்மைப் போர் ஆடும் ஒவ்வொருவரும் இன்றும் செய்யும் சமரசம் இது.

இதற்கெல்லாம் பணம் வேண்டுமே. 1833-ல் அரசு கையை விரித்தது. சைபோர்ன் கடன் வாங்கித் தொடர்ந்தார். செலவு சுமார் 3,000 பவுண்டுக்குப் போனது. சம்பளத்தை நம்பி வாழ்ந்த ஒரு ராணுவ அதிகாரிக்கு அது யானை விலை.

பணத்தைவிடப் பெரிய சங்கடம் ப்ரஷ்யர்கள் உருவில் வந்தது. அன்று மாலை நாலரை மணிவாக்கில் நெப்போலியனின் வலது புறத்தில் பிளான்செனுவா கிராமத்தை நோக்கி ப்ரஷ்யப் படை தாக்கத் தொடங்கியது. அதைத் தடுக்க அவர் தன் காவற்படையில் ஒரு பகுதியையே அனுப்ப வேண்டியிருந்தது. சாயங்காலத்துக்குள் ப்ரஷ்யர்கள் தரப்பில் இறந்தவர், காயம்பட்டவர் ஏறத்தாழ 7,000. ஆகவே ஏழு மணிக் காட்சியில் சைபோர்ன் அவர்களைத் திரளாக நிறுத்தினார். மாதிரியைப் பார்க்கிற யாரும், வெற்றி இரண்டு படைகளுடையது என்று ஒரே நொடியில் புரிந்துகொள்வார்கள். வெல்லிங்டனைச் சுற்றியிருந்தவர்களுக்கு இது பிடிக்கவில்லை. ப்ரஷ்யர்கள் அவ்வளவு தூரம் முன்னேறியதாகக் காட்டுவது தவறு என்று சொல்லப்பட்டது. கடைசியில் சைபோர்ன் ப்ரஷ்யப் பொம்மைகளில் பெரும்பகுதியைக் களத்திலிருந்து எடுத்துவிட்டார். நெருக்கடிக்குப் பணிந்தாரா, புதிய சாட்சியங்களைப் பார்த்து மனம் மாறினாரா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதாடுகிறார்கள்.

1838-ல் பிக்காடிலியின் எகிப்தியன் ஹாலில் மாதிரி காட்சிக்கு வந்தது. ஆளுக்கு ஒரு ஷில்லிங் கொடுத்து சுமார் ஒரு லட்சம் பேர் பார்த்தார்கள். ஆனாலும் கடன் தீரவில்லை. அரசே வாங்கிக்கொள்ளும் என்று காத்திருந்தார், வாங்கவில்லை. 1844-ல் அவர் எழுதிய போர் வரலாறு வெளிவந்தது. 1849-ல் இறந்தார். அதற்குப் பிறகுதான் மாதிரிக்கு ஒரு நிரந்தர இடம் கிடைத்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. போர்ப் பயிற்சிக்கான விளையாட்டை ராணுவத்துக்குள் கொண்டுவந்ததே ப்ரஷ்யர்கள்தான். 1824-ல் ரைஸ்விட்ஸ் என்ற இளம் அதிகாரி வரைபடமும் பகடையும் கொண்டு வடிவமைத்த விளையாட்டை அதிகாரிகள் அனைவரும் பழக வேண்டும் என்று பரிந்துரைத்தவர் ப்ரஷ்யத் தளபதி முஃப்லிங். அவர் வேறு யாருமல்ல, 1815-ல் வெல்லிங்டன் கூடவே இருந்து இரண்டு படைகளுக்கும் நடுவே தூது பார்த்தவர். மேஜைமேல் படை நகர்த்தும் நாங்கள் எல்லாருமே அவருக்குக் கடன்பட்டவர்கள்.

கண்ணாடியைச் சுற்றி நடந்து மூலைக்கு வந்தேன். பிளான்செனுவா பக்கம் ஒரு தாத்தா பேரனுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். பையன் நடுவில் புகுந்து, "இந்தப் பக்கம் ஏன் இவ்வளவு காலி?" என்று கேட்டான். தாத்தா கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவர்கள் லேட்டாக வந்தார்கள்" என்றார்.

திரும்பும் வழியில் அந்தத் தூண் வைத்த கட்டடத்தின் முன் இந்த முறை நின்றேன். சைபோர்ன் காலத்தில் அது ராயல் மிலிடரி அசைலம். சிப்பாய்களின் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளி. கடைசி ஆண்டுகளில் அவர் அங்கே செயலாளராக வேலை பார்த்தார், இறந்ததும் அங்கேதான். தன் வாழ்நாளெல்லாம் சாட்சிகளைச் சேர்த்த மனிதர் இறந்த இடத்துக்கு, தமிழ்க் காதில் விழும்போது, பொருத்தமான பெயர்தான் அமைந்திருக்கிறது.

மும்பை வந்ததும் 33-ஆவது ரெஜிமென்டை அலமாரியில் ஏற்றிவிட்டு ஒரு புதிய பெட்டியைப் பிரித்தேன். முதலாம் சைலீசிய லாண்ட்வேர். பிளான்செனுவாவைத் தாக்கிய படை அது. அவசரத்தில் திரட்டிய குடியானவர்களும் கைத்தொழில்காரர்களும். கருநீலக் கோட்டு, மஞ்சள் காலர், தொப்பியில் வெள்ளைச் சிலுவை. பெட்டியில் உள்ளவர்களில் ஆறு பேர் முடிந்துவிட்டார்கள். மழை நிற்கும்வரை வார்னிஷ் இல்லை. அவர்கள் எல்லாரும் வந்து நின்ற பிறகுதான் என் மேஜையில் ஏழு மணி அடிக்கும்.